வம்மியடிச் சேர்விடாப்பு

பொயிலர் அறையிலிருந்து இரண்டாம் மாடிக்கு நாற்பத்தொரு படிகள். பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறும்போது கனகசிங்கம் படிகளை எண்ணுவதில்லை. அப்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது. வெறுங்கையோடு இறங்கும்போதுதான் எண்ணுவார். அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் பதினொரு பெட்டிகளை ஏற்றிவிட்டார். எல்லாம் கரித்தூள் படிந்த மட்டைப் பெட்டிகள். உள்ளே பழைய வரவுப் பதிவு இடாப்புகள், பரீட்சைப் புள்ளிப் புத்தகங்கள், தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படங்கள். இரண்டு பெட்டிகளை எலி பதம் பார்த்திருந்தது.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் செங்கல் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம், 1988இல், நூறு வயது. அதன் சரித்திரத்தை ஒழுங்குபடுத்த இரண்டாம் மாடியில் ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். அங்கேயே முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற றீற்றா என்ற வெள்ளைக்கார அம்மா அந்த அறைக்குப் பொறுப்பு. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, தூரிகையால் தூசு தட்டி, ஒவ்வொரு புத்தகத்தையும் சாம்பல் நிறப் பெட்டியில் படுக்கவைத்து, பென்சிலால் இலக்கமிடுவார். கூட்டுவதும் துடைப்பதும் பாரம் தூக்குவதும் கனகசிங்கத்தின் வேலை. ஆனால் பாரம் தூக்க வந்த மனிதர், யாரும் சொல்லாமலே பெட்டிகளை வருட ஒழுங்கில் அடுக்கியதைக் கண்டு றீற்றா முதல் நாளே மூக்கில் விரலை வைத்தார்.

"இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடக் கிளாக்கர், மடம். இருபத்தாறு வருசம்."

மட்டக்களப்புக்குத் தெற்கே வாவி ஓரத்தில் இருந்த வம்மியடி மகா வித்தியாலயத்தில் அந்த இருபத்தாறு வருடமும் கழிந்தது. இருந்த என்றுதான் சொல்லவேண்டும். 1986ஆம் ஆண்டு மாசி மாதம் இராணுவம் அதைக் கொளுத்தியபோது வகுப்பறைகளோடு கந்தோர் அலுமாரிகள் மூன்றும் சாம்பலாகிவிட்டன. மிஞ்சியது சேர்விடாப்பு ஒன்றுதான். பள்ளிக்கூடம் தொடங்கிய 1891இலிருந்து அங்கே சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், பிறந்த திகதியும், தகப்பன் பெயரும், விலகிய திகதியும் அதில் இருந்தன. மூன்று புத்தகங்களை ஒன்றாகக் கட்டிய, செங்கல்போலக் கனமான சாமான். விடுகைப் பத்திரங்கள் எழுதுவதற்கென்று கனகசிங்கம் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த காரணத்தால் தப்பியது. கனடாவுக்கு வரும்போது மனைவி கோணேஸ்வரியின் கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேர்விடாப்பை வைத்தார். கோணேஸ்வரி அதை இன்றுவரை மறக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீரோடு அந்தக் கதையையும் பரிமாறாமல் விடமாட்டாள்.

சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்களுடைய பதினாலாம் மாடி வீட்டுக்கு வம்மியடிப் பிள்ளைகள் தேடி வருவார்கள். வயதை நிரூபிக்க, படித்ததை நிரூபிக்க, தகப்பன் பெயரை நிரூபிக்க. கனகசிங்கம் கட்டிலுக்குக் கீழிருந்து சேர்விடாப்பை இழுத்து, மேசையில் துண்டு விரித்து வைத்து, வேண்டிய வரியைக் குண்டு குண்டான எழுத்தில் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தைக் காப்பாற்றிய மனிதர் என்று பழைய மாணவர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தத் தீர்மானித்திருந்தது. அந்த நேரங்களில் அவருக்கு மொப்புத் தடி மறந்துபோகும். முதுகு கொஞ்சம் நிமிரும்.

பதினோராவது பெட்டியை இறக்கிவிட்டுக் கீழே வந்தபோது நாகேஸ்வரி தாழ்வாரத்தில் மொப்பைப் பிழிந்துகொண்டு நின்றாள். அவளும் வம்மியடிதான். இந்த வேலையைப் பிடித்துக்கொடுத்தவரும் கனகசிங்கம்தான்.

"கிளாக்கர் ஐயா, லோயர்ர கந்தோரில இருந்து ரதி கோல் எடுத்தவ. விசாரணை வாற மாசம் ஒம்பதாந் திகதியாம்."

"ஓம்."

"புத்தகத்தையும் கொண்டரட்டாம். போட்டோக் கொப்பி சரிவராதாம். ஒரிஜினல்தான் வேணுமாம்."

"பாப்பம் புள்ள."

"என்னத்தப் பாக்கிற? உங்கட கட்டிலுக்குக் கீழதானே கிடக்கு," என்று நாகேஸ்வரி சிரித்தாள். அவள் சிரித்து அவர் கண்டு வெகுநாள். "அந்தப் பக்கத்தைத் திறந்து அவங்கட முகத்துக்கு நேர பிடிச்சாக் காணும். மறுகா என்ன கேள்வி?"

கனகசிங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனார். அந்தத் தண்ணீர் இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது.

நாகேஸ்வரியின் மகன் அன்புராசாவை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வருடமாகிவிட்டது. உயர்தர வகுப்பில் படித்தவன். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுப் புத்தகத்தோடு போனவனைப் பாலத்தடியில் வைத்து மற்ற ஆறு பேரோடும் லொறியில் ஏற்றினார்கள். தாய்மார் ஏழு பேரும் முகாம் வாசலில் நான்கு நாள் நின்றார்கள். நான்காம் நாள் கப்டன் வெளியே வந்து மொழிபெயர்ப்பாளன் மூலம் சொன்னான்: இவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை, பயங்கரவாதிகள், உங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை. நாகேஸ்வரி விடாமல் மனு எழுதிக்கொண்டும் வெளிநாட்டுக்காரரிடம் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டும் திரிந்தாள். அவளையும் தேடத் தொடங்கியபோது ஊரை விட்டு வந்தாள். பதினைந்து வயது மகள் மனோரஞ்சிதம் அங்கே தங்கை வீட்டில் இருக்கிறாள். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டால்தான் மகளைக் கூப்பிடலாம்.

முதல் விசாரணையில் அதிகாரி அந்தக் கப்டன் சொன்ன வசனத்தையே பிடித்துக்கொண்டார். மகன் மாணவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? நாகேஸ்வரி கதிரையிலிருந்து எழும்பியேவிட்டாளாம். "இரிக்கு! புத்தகம் இரிக்கு! இந்த ரொறன்ரோவிலயே இரிக்கு! கப்டன் சொன்னது பச்சப் பொய்!" என்று அவள் சொன்னதை ரதி ஆங்கிலத்தில் சொல்ல, லோயரும் தலையாட்டி, அடுத்த தவணைக்குச் சேர்விடாப்பைக் கொண்டுவருவதாக எழுதிக்கொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கனகசிங்கம் மாடிக்குப் போனபோது றீற்றா மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். பதினோராவது பெட்டியில் முதலாம் உலக யுத்தக் காலத்து இடாப்பு ஒன்று அகப்பட்டிருந்தது. கீழே வாசலில் இருக்கும் பித்தளைத் தகட்டில் யுத்தத்தில் மாண்ட பழைய மாணவர்கள் முப்பத்தொரு பேரின் பெயர்கள் உண்டு. இந்த இடாப்பில், யுத்தத்தில் மாண்டதாகக் குறித்த மேலும் இரண்டு பெயர்கள் இருந்தன. எழுபது வருடமாக யாருக்கும் தெரியாமல் விடுபட்டுப்போன பிள்ளைகள். அதிபரோடு கதைத்துவிட்டாராம், புதிய சிறு தகடு ஒன்று செய்யப்போகிறார்களாம்.

"உங்களுக்கும் ஒரு சாமான் வைத்திருக்கிறேன்," என்று ஒரு சாம்பல் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். வம்மியடிச் சேர்விடாப்பின் அளவுக்கு அவரே வெட்டி ஒட்டிய பெட்டி. கனகசிங்கம் ஒரு வாரத்துக்கு முன்புதான் புத்தகத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து அவரிடம் காட்டியிருந்தார். மட்டை கழன்றுபோன இடத்தை ஒட்டித் தருவதாக அவர் வாங்கி வைத்திருந்தார்.

றீற்றாவுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எந்த நிரலில் என்ன இருக்கிறது என்று கனகசிங்கம் சொல்லியிருந்தார், திகதிகள் இலக்கத்தில் இருந்தன, பழைய புத்தகத்தைப் பார்க்கவும் அவருக்குத் தெரியும். கையுறை விரலால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது முதல் கிளாக்கரின் கை, இது இரண்டாமவரின் கை, இவருக்கு இடக்கைப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டே போனார். கனகசிங்கத்தின் கைக்கு வந்ததும் நிறுத்திப் பாராட்டினார். பிறகு கடைசிப் பக்கங்களில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இந்த ஏழு பேருக்கு மட்டும் என்ன? மற்றவர்கள் விலகியதை நீல மையால் எழுதியிருக்கிறீர்கள். இவர்களுக்குப் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு. ஒரே மை, ஒரே திகதி. தொற்றுநோயா?"

"இல்லை, மடம். விலகிப் போனார்கள்."

"1985 ஜூலை முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறது." றீற்றா பூதக்கண்ணாடியை எடுத்தார். "ஆனால் இந்த வரியில் செப்ரெம்பர் பன்னிரண்டு என்று நீல மையில் ஒரு குறிப்பு இருக்கிறது. சிவப்புக் கோடு அதற்கு மேலால் போகிறது. ஜூலையில் கிழித்த கோடு செப்ரெம்பர் எழுத்துக்கு மேலே எப்படி வரும்?"

அவர் ஒரு குறும்பான சந்தோஷத்தோடு நிமிர்ந்து பார்த்தார். புத்தகம் தன்னிடம் ஒரு ரகசியத்தைச் சொன்ன சந்தோஷம். கனகசிங்கத்தின் முகத்தைக் கண்டதும் பூதக்கண்ணாடியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டார்.

அந்த வரி அன்புராசாவுடையது. உயர்தரப் பரீட்சை விண்ணப்பம் அனுப்பப்பட்டது, 12.9.85 என்பதுதான் அந்தக் குறிப்பு.

பிள்ளைகளைப் பிடித்த அன்று, ஒக்ரோபர் பதினேழாம் திகதி மத்தியானம், ஜீப் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மறுநாள் காலை சேர்விடாப்போடு அதிபர் முகாமுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. அதிபர் இராஜரட்ணம் கந்தோர்க் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் அல்ல. வெயில் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவே மனம் வராதவர்.

"கனகசிங்கம், இந்த ஏழு பேரும் எங்கட பிள்ளைகள் எண்டு புத்தகத்தில இருந்தா, இது இயக்கத்துப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லிக் கொளுத்திப்போடுவானுகள். ஜூலையோட விலத்தினதா எழுதும்."

"சேர், அப்ப பொடியனுகள்?"

"பொடியனுகளை ரெண்டு நாளில விட்டிருவானுகள். பள்ளிக்கூடம் போனா வராது."

தொண்ணூற்றுநாலு வருடத்துப் பள்ளிக்கூடம். அறுநூறு பிள்ளைகள். கனகசிங்கம் சிவப்பு மைப் போத்தலைத் திறந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கிழிப்பதில் அவரை மிஞ்ச வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஏழு கோடுகளையும் நேராகக் கிழித்து, காரணம் என்ற நிரலில் 'தொடர்ச்சியான வராமை' என்று ஏழு தடவை எழுதி, மை காயும்வரை ஊதினார். ஜூலைத் திகதி போட்டால் செப்ரெம்பர்க் குறிப்பு காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. அதனால் பொய்யை எப்படிக் கவனமாக எழுதுவது என்று பழக்கமில்லை. கப்டனும் குறிப்பைக் கவனிக்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தான்.

பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கோணேஸ்வரி குளித்துவிட்டு வந்தபோது, கணவர் றீற்றாவிடமிருந்து திரும்பக் கொண்டுவந்த சேர்விடாப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சவர பிளேட்டோடு குனிந்திருப்பதைக் கண்டாள். புத்தகத்தின் கடைசியில் இருந்த எழுதாத தாளில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு, அதைப் பிளேட்டால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் வெங்காயச் சருகுபோலக் கிழிந்து வந்தது.

"என்ன செய்றீங்க?"

"ஒண்டும் இல்ல."

கோணேஸ்வரி அருகே வந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. ஊரில் அதிபரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்த விஷயம் அது.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லிருங்க," என்றாள். "அவள் ஒவ்வொரு நாளும் வந்து உங்களக் கும்பிடாக் குறையாக் கும்பிடுறாள். எனக்கு அவள்ர முகத்தப் பாக்க ஏலாமக் கிடக்கு."

திங்கட்கிழமை மத்தியானம் பொயிலர் அறையில் சொன்னார். அங்கேதான் இருவரும் சாப்பிடுவது. கவிழ்த்த பெட்டி ஒன்றில் நாகேஸ்வரி, உடைந்த பிள்ளைக் கதிரை ஒன்றில் அவர். அவள் புட்டும் மீன் பொரியலும் கொண்டுவந்திருந்தாள். ஒரு துண்டு மீனை எடுத்து அவருடைய கிண்ணத்தின் மூடியில் வைத்தாள்.

அவர் சுற்றிவளைக்கவில்லை. திகதி, மை, அதிபர் சொன்னது, தான் செய்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பொயிலர் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. நாகேஸ்வரி வாயில் இருந்ததை விழுங்கினாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். எழும்பி மூலைத் தொட்டிக்குப் போய், மூடிய பெட்டியைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக் கழுவத் தொடங்கினாள். வெகுநேரம் கழுவினாள். உள்ளே புட்டு அப்படியே இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உடைத்தது.

"அப்ப அவன் பொய் சொல்லல்ல."

"ஆர்?"

"கப்டன். ரெண்டு வரிசமா மண்ணள்ளித் திட்டினது அவனைத்தான். மற்றது எல்லாம் செஞ்சான், இதை மட்டும் உண்மையாத்தான் சொல்லியிரிக்கான்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "பள்ளிக்கூடத்தக் காப்பாத்தவா ஐயா?"

"ஓம் புள்ள."

"பள்ளிக்கூடம் எங்க இப்ப?"

கனகசிங்கத்துக்கு அழுகை வந்தது. ஐம்பத்துமூன்று வயது மனிதர், உடைந்த பிள்ளைக் கதிரையில் இருந்துகொண்டு, மூடியில் கிடந்த மீன் துண்டைப் பார்த்து அழுதார். நாகேஸ்வரி தேற்றவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை. அவர் ஓயும்வரை நின்றாள்.

"புத்தகத்தக் கொண்டு வாங்க," என்றாள். "நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டானுகள். எழுதின கை வந்து சொன்னா நம்புவானுகள்தானே?"

ரதி தொலைபேசியில் வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். லோயருடைய கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் பெண். இப்படி எத்தனையோ வழக்கைக் கண்டவள். "அன்ரி, புத்தகம் துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். இல்லாத புத்தகம் பரவாயில்லை. இந்தப் புத்தகம் உங்களுக்கு எதிரா நிக்கும்." நாகேஸ்வரி கேட்கவில்லை. பொய் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது என்று சொல்லிவிட்டாள். றீற்றாவிடமும் கனகசிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். றீற்றா சிவப்பு மை நீல மைக்குப் பிந்தியது என்று தன் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

நவம்பர் ஒன்பதாம் திகதி, யன்னல் இல்லாத ஓர் அறை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி சுற்றிக்கொண்டிருந்தது. கனகசிங்கம் கலியாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சத்தியம் செய்து, சாம்பல் பெட்டியைத் திறந்து, சேர்விடாப்பை எடுத்து விரித்தார். தான் எழுதியது பொய் என்று ஆங்கிலத்தில் சொன்னார். விளங்காமல் போய்விடுமோ என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

அதிகாரி கடுமையான மனிதரல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாகக் கேட்டார். "இந்தப் பிள்ளை ஜூலையில் விலகினான் என்று எழுதியது நீங்கள். அது பொய் என்று சொல்வதும் நீங்கள். இரண்டில் எது பொய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

"எழுதினதுதான் பொய், சேர். இங்கே பாருங்கள், செப்ரெம்பர்க் குறிப்பு. கோடு அதற்கு மேலே போகிறது."

"அந்தக் குறிப்பும் உங்கள் கையெழுத்துத்தானா?"

"ஓம். என்னுடையதுதான்."

"அதை எப்போது எழுதினீர்கள் என்பதற்கும் உங்கள் வார்த்தை மட்டும்தானே?"

றீற்றாவின் கடிதத்தை அதிகாரி மரியாதையோடு வாசித்தார். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதையும், தமிழ் அறியாதவர் என்பதையும் குறித்துக்கொண்டு ஒரு பக்கமாக வைத்தார். பிறகு கருவியின் பக்கம் குனிந்து பேசினார். பதிவேட்டில் மாற்றம் செய்ததாக அதை எழுதியவரே ஒப்புக்கொள்வதால் அதை ஆதாரமாக ஏற்க இயலாது. அதிலிருந்து பிரதி செய்து மற்றவர்களுடைய வழக்குக் கோவைகளில் கொடுக்கப்பட்ட சான்றுகளையும் மீண்டும் பார்க்கவேண்டி வரலாம். மகன் மாணவனல்ல என்று இராணுவ அதிகாரி தாய்மாருக்குச் சொன்னது பள்ளிப் பதிவேட்டுடன் ஒத்துப்போகிறது.

ரதி கடைசி வசனத்தைத் தமிழில் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்க தங்கச்சி," என்றாள் நாகேஸ்வரி. "முகாம் வாசலில கேட்டதுதானே."

வெளியே வந்து ஸ்ரீற்காருக்காக நின்றபோது அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நின்றார்கள். முடிவு தபாலில் வரும் என்று லோயர் சொல்லியிருந்தார். அது என்ன முடிவாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மகளுக்கு என்ன எழுதுவது என்று மட்டும் ரதியிடம் கேட்டிருந்தாள். சேர்விடாப்பு கனகசிங்கத்தின் கைகளில் கனத்தது. பொன்னாடைக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சங்கத்துக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பதினொரு மணிக்கு யுத்தத்தில் மாண்டவர்களுக்கு அஞ்சலி. வாசல் பித்தளைத் தகடு பளபளக்கவேண்டும், புதிய தகட்டையும் அதற்குக் கீழே பூட்டிவிடவேண்டும் என்று உத்தரவு வந்தது. உயரமான இடம் என்பதால் இரண்டு பேர் வேலை. ஒருவர் ஏணியைப் பிடிக்கவேண்டும், மற்றவர் ஏறவேண்டும். மண்டபத்தில் பிள்ளைகள் அஞ்சலிக்கான கடதாசிச் சிவப்புப் பூக்களைச் சட்டையில் குத்திக்கொண்டு பாட்டுப் பயின்றுகொண்டிருந்தார்கள்.

கனகசிங்கம் புதிய தகட்டை நான்கு ஆணிகளால் பூட்டிவிட்டு இறங்கினார். நாகேஸ்வரி துணியையும் பித்தளை மினுக்கும் மருந்துத் தகரத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். விசாரணைக்குப் பிறகு அவரோடு ஒரு சொல் கதைத்திருக்கவில்லை. பெரிய தகட்டை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டு வந்தாள். புதியதுக்கு வந்ததும் கை நின்றது.

"இதில என்ன எழுதியிரிக்கு?"

"பேர். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சண்டைக்குப் போய்த் திரும்பி வராத ஆக்கள்."

"இது புதிசா இரிக்கே."

"ரெண்டு பேர்ர பேர் விடுபட்டுப் போச்சு. எழுபது வரிசம். இப்பதான் இடாப்பில கண்டு பிடிச்சவ றீற்றா."

"எந்த இடாப்பு?"

"கீழ இருந்து நான் தூக்கின பெட்டியில இருந்தது."

நாகேஸ்வரி துணியின் நுனியை விரலில் சுற்றி, முதல் பெயரின் எழுத்துகளுக்குள்ளே ஒவ்வொன்றாக விட்டுத் துடைத்தாள்.

"இவருக்கு எத்தின வயசு?"

"பத்தொம்பது."

"மற்றவருக்கு?"

"பதினெட்டு."

அவள் தலையாட்டினாள். இரண்டாவது பெயரையும் அதேபோல, அவசரப்படாமல், எழுத்தெழுத்தாகத் துடைத்தாள். கனகசிங்கம் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெயர்களுக்கும் கீழே, தகட்டில் ஒன்றும் எழுதாத இடம் நாலு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. நாகேஸ்வரி மருந்தில் துணியைத் தோய்த்து, அந்த இடத்தையும் துடைக்கத் தொடங்கினாள்.